ஊசிக்காக அடகில் இருக்கும் நகை

களுவாஞ்சிகுடியில் இருந்து ஓர் ஆசிரியை நீளமாக எழுதியிருக்கிறார், சுருக்கித் தருகிறேன்: “ஐயா, எனக்கு 47 வயது. நாலு வருசமாகக் கழுத்து நோவு, கை வரைக்கும் இழுக்கும். ஒன்றரை வருசத்துக்குள் நாலு தரம் கொழும்புக்குப் போய்த் தனியார் ஆஸ்பத்திரியில் ஸ்டீராய்டு ஊசி போட்டேன். ஊசி, வான், தங்குமிடம் எல்லாம் சேர்த்து ஒரு தரத்துக்கு 90,000 ரூபாய். காசுக்கு நகையை அடகு வைத்தேன், வருச வட்டி நூற்றுக்கு 16. தங்கம் ஏறினதால் அதே நகைக்கே ஒவ்வொரு தரமும் கூடக் காசு தந்தார்கள். முதல் ஊசியில் நாலு மாசம் சுகம். கடைசி ஊசியில் மூன்று கிழமைதான். இப்போது லண்டனில் இருக்கும் அண்ணா பிஆர்பி ஊசி போடச் சொல்கிறார். மூன்று ஊசிக்கு 240,000. மிச்சமிருக்கும் காப்புச் சோடியையும் வைக்கவா, வங்கி லோன் எடுக்கவா?”

டீச்சர், இரண்டும் வேண்டாம்.

உங்களுக்குச் சேமிப்பைப் பற்றி நான் சொல்லித்தர ஒன்றுமில்லை. சீட்டும் சரியாகக் கட்டுகிறீர்கள், வீட்டுச் செலவும் கையை மீறவில்லை. இடிக்கிற இடம் ஒன்றுதான்: தங்கம் ஏற ஏற அதே அடகுத் துண்டைத் திருப்பி வைத்து மேலே காசு எடுப்பது. கையில் காசு வருவதால் அது கடன் மாதிரியே தெரிவதில்லை. ஆனால் பழைய வட்டியும் முதலோடு சேர்ந்துகொண்டே போகிறது. நாலு தரம் 90,000 என்றால் 360,000. வட்டி ஏறக்குறைய 50,000. ஆக, இன்றைக்கு மீட்கப் போனால் 410,000 மட்டில் கேட்பார்கள். சும்மா இருந்தாலே மாசம் 5,500 ரூபாய் வட்டி ஏறுகிறது.

இன்னொரு கணக்கும் பாருங்கள். முதல் ஊசி 16 கிழமை தாங்கியது, அதாவது நோவில்லாத ஒரு கிழமைக்கு 5,600 ரூபாய். கடைசி ஊசியில் அதே ஒரு கிழமைக்கு 30,000. உங்கள் ஒரு மாசச் சம்பளத்தில் அது எவ்வளவு என்று நீங்களே பாருங்கள். சுகம் குறையக் குறைய விலை ஏறுகிற சாமானை மற்ற எந்தக் கடையிலும் நீங்கள் திரும்ப வாங்கமாட்டீர்கள்.

நான் வைத்தியன் இல்லை. ஆனாலும் காசு கொடுக்கிறவர் தெரிந்திருக்க வேண்டியதைச் சொல்கிறேன். முதுகெலும்பில் (கழுத்தும் அதில் சேர்ந்ததுதான்) போடுகிற ஸ்டீராய்டு ஊசி வீக்கத்தைத் தணித்துச் சில கிழமை, சில மாசம் நோவைக் குறைக்கலாம், தேய்ந்த எலும்பையோ பிதுங்கிய டிஸ்க் தட்டையோ அது சரிசெய்யாது. 2025 பெப்ரவரியில் பிஎம்ஜே மருத்துவ இதழில் வந்த வழிகாட்டி, புற்றுநோயோ அழற்சி மூட்டு நோயோ காரணமாக இல்லாத நாள்பட்ட முதுகெலும்பு நோவுக்கு இந்த ஊசிகளை வழக்கமாகப் போட வேண்டாம் என்றே அழுத்திச் சொன்னது. வலிச் சிகிச்சை வைத்தியர்களின் சங்கங்கள் சில அதை மறுத்திருக்கின்றன, அதுவும் உண்மை. சீனி வருத்தம் இருந்தால் ஸ்டீராய்டு சில நாளைக்குச் சீனியை ஏற்றிவிடும், அதையும் வைத்தியரிடம் கேளுங்கள்.

பிஆர்பி என்பது உங்கள் இரத்தத்தையே எடுத்துச் சுழற்றி, பிளேட்லெட் செறிந்த பகுதியைத் திருப்பி ஏற்றுவது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் நாள்பட்ட கழுத்து நோவுக்கு அது நின்று பலன் தரும் என்பதற்கு உறுதியான சான்று இன்னும் சேரவில்லை. மூன்று ஊசிக்கும் முன்காசு கேட்கிற இடத்தில் எனக்கு நம்பிக்கை வருவதில்லை. நூற்றுக்கு 14 வட்டியில் ஐந்து வருச லோன் எடுத்தால் மாசம் 5,600 மட்டில் கட்டி, 240,000க்கு 335,000 கொடுத்து முடிப்பீர்கள். அண்ணாவுக்கு அக்கறை இருக்கிறது, அதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் நாலு ஊசிக்கும் அவர் ஒரு சதம் அனுப்பவில்லை என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். ஐந்தாவதுக்கும் யோசனை மட்டும் அனுப்பினால், “செலவை நீங்கள் ஏற்றால் வைத்தியரிடம் கேட்டுப் பார்க்கிறேன் அண்ணா” என்று நேராகச் சொல்லுங்கள்.

காப்புச் சோடிக்கு நாலு இலட்சம் மட்டில் வரும் என்று நகைக்கடையில் சொன்னார்களாம். அதை அடகு வைக்காமல் விற்றுவிடுங்கள். மனம் ஒப்பாது, தெரியும். ஆனால் அந்தக் காசோடு கொஞ்சம் சேர்த்துத் துண்டை மூடினால், மகளுக்கென்று வைத்த நகை முழுவதும் வீட்டுக்கு வந்துவிடும், மாசம் 5,500 வட்டியும் நின்றுவிடும். அப்புறம் அந்தத் துண்டைத் திரும்பத் திறக்கவே கூடாது.

வைத்தியத்தை நிறுத்தச் சொல்லவில்லை. எம்ஆர்ஐ படங்களையும் பழைய அறிக்கைகளையும் எடுத்துக்கொண்டு களுவாஞ்சிகுடி ஆதார வைத்தியசாலைக்குப் போங்கள், தேவையென்றால் அங்கிருந்து மட்டக்களப்பு போதனா வைத்தியசாலைக்கு அனுப்புவார்கள். அங்கே காசு கேட்கமாட்டார்கள், காத்திருப்புத்தான். பிசியோதெரபியும் வீட்டில் செய்கிற பயிற்சியும் மெதுவாகத்தான் வேலை செய்யும், மூன்று மாசமாவது விடாமல் செய்து பாருங்கள். கையிலோ காலிலோ பலம் குறைந்தாலும், சிறுநீர் கட்டுப்பாடு போனாலும், காசுக் கணக்குப் பார்க்காமல் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

கடைசியாக ஒன்று. அரச ஊழியர்களுக்கான அக்ரஹாரா மருத்துவக் காப்புறுதிக்கு உங்கள் சம்பளத்தில் மாசாமாசம் வெட்டுகிறார்கள். கொழும்பு பில்களை எறிந்துவிடவில்லையே? இந்தக் கிழமையே வலயக் கல்வி அலுவலகத்துக்குக் கொண்டுபோய், அவற்றில் எதற்காவது இன்னும் விண்ணப்பிக்க முடியுமா என்று கேளுங்கள்.