லினக்ஸை எடுக்கணுமா, புதுப்பிக்கணுமா? செட்டிநாட்டு வாசகர் கேள்விகள்

இந்தத் தடவை வந்த கேள்விகளில், விண்டோஸ் போன்ற இன்னொரு இயங்குதளமான லினக்ஸை (உபுண்டு அதில் ஒரு வகை) கம்ப்யூட்டரிலிருந்து எப்படித் தூக்குவது என்பதுதான் அதிகம். அதிலும் பாதிப் பேர் தூக்கிய பிறகு கேட்டவர்கள். அவர்களிடமிருந்தே தொடங்குவோம்.

கேள்வி: பழைய டெஸ்க்டாப்பில் விண்டோஸ் 10, உபுண்டு இரண்டும் இருந்தன. இடம் போதவில்லை என்று, விண்டோஸில் இருந்தபடியே டிஸ்க்கில் உபுண்டுக்கு ஒதுக்கிய பகுதியை, அதாவது அதன் பார்ட்டிஷனை, டெலிட் செய்தேன். ரீஸ்டார்ட் செய்தால் கறுப்புத் திரையில் ‘கிரப் ரெஸ்க்யூ’ என்று மட்டும் வருகிறது. எல்லாம் போய்விட்டதா சார்?
– கல்லூரி மாணவர், காரைக்குடி

பதில்: எதுவும் போகவில்லை தம்பி. விண்டோஸும் உங்கள் ஃபைல்களும் இருந்த இடத்திலேயே இருக்கின்றன. உபுண்டு நிறுவும்போது டிஸ்க்கின் தொடக்கத்தில் கிரப் என்ற சின்ன புரோகிராமை எழுதிவிடும். கம்ப்யூட்டர் ஆன் ஆனதும் முதலில் ஓடுவது அதுதான். அதன் மீதிப் பாகம் உபுண்டு பார்ட்டிஷனுக்குள் இருந்தது. அதை நீங்கள் அழித்துவிட்டதால் மேற்கொண்டு போக வழி தெரியாமல் நிற்கிறது.

நண்பர் வீட்டு கம்ப்யூட்டரில் விண்டோஸ் 10 இன்ஸ்டால் பென்டிரைவ் ஒன்று தயார் செய்து, அதிலிருந்து கம்ப்யூட்டரைத் தொடங்குங்கள் (பூட் செய்வது என்பது இதைத்தான்). ‘இன்ஸ்டால் நவ்’ பட்டன் பெரிதாக நிற்கும். அதைத் தொடாமல், கீழே மூலையில் உள்ள ‘ரிப்பேர் யுவர் கம்ப்யூட்டர்’ வழியாக கமாண்ட் பிராம்ப்ட் போங்கள். பூட்ரெக் என்று அடித்து, ஒரு இடைவெளி விட்டு, சாய்கோடு போட்டு ஃபிக்ஸ்எம்பிஆர் என்று ஆங்கிலத்தில் அடித்து என்டர் தட்டுங்கள். பென்டிரைவை உருவிவிட்டு ரீஸ்டார்ட் செய்தால் விண்டோஸ் வரும். ஆன் செய்ததும் கம்ப்யூட்டரை எழுப்பும் பழைய முறையான பயாஸில் ஓடும் கம்ப்யூட்டருக்குத்தான் இந்த வழி. உங்களுடையது அந்த ரகம்தான் என்று அந்தக் கறுப்புத் திரையே ஏறக்குறையச் சொல்லிவிடுகிறது. ‘ஃபார்மட் போட்டால்தான் சரியாகும்’ என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள்.

கேள்வி: புது லேப்டாப். விண்டோஸ் 11 கூட உபுண்டு போட்டேன். இப்போது உபுண்டுவை மட்டும் பத்திரமாக எடுக்க வேண்டும்.
– தேவகோட்டை வாசகி

பதில்: எடுப்பதற்கு முன்னால் கேட்டதற்கே உங்களுக்கு நன்றி சொல்ல வேண்டும். புது லேப்டாப் என்றால் பயாஸுக்குப் பதிலாக வந்த யூஇஎஃப்ஐ முறை. முதல் வேலை, உபுண்டுவில் உள்ள உங்கள் ஃபைல்களை வெளி டிஸ்க்குக்கு மாற்றுவது. ஃபைல்களை அடுக்கி வைக்க உபுண்டு பயன்படுத்தும் எக்ஸ்ட்4 முறையை விண்டோஸ் தானாகப் படிக்காது; அழித்த பிறகு வருந்திப் பயனில்லை. அப்படியே உபுண்டுவின் ‘டிஸ்க்ஸ்’ செயலியைத் திறந்து, அதன் பார்ட்டிஷன்கள் எத்தனை ஜிபி என்று ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது பிட்லாக்கர், அதாவது டிஸ்க்கைப் பூட்டும் விண்டோஸ் வசதி. விண்டோஸ் 11 லேப்டாப்புகள் பலவற்றில் டிஸ்க் தானாகவே பூட்டப்பட்டிருக்கும். பூட் வரிசையை மாற்றினால் 48 இலக்க ரெக்கவரி கீ கேட்கலாம். உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் அது இருக்கிறதா என்று பார்த்து எழுதி வைத்த பிறகே மேலே போங்கள். பிறகு யூஇஎஃப்ஐ செட்டிங்கில் ‘விண்டோஸ் பூட் மேனேஜர்’ முதலில் வருமாறு மாற்றி, விண்டோஸ் நேராகத் திறக்கிறதா என்று ஒருமுறை பாருங்கள்.

திறந்தால் மட்டும் விண்டோஸில் உள்ள ‘டிஸ்க் மேனேஜ்மென்ட்’ போங்கள். லினக்ஸ் பார்ட்டிஷன்களுக்கு சி, டி போன்ற எழுத்து இருக்காது, அளவு மட்டும் தெரியும். தாளில் உள்ள அளவோடு ஒப்பிட்டு, ரைட் கிளிக் செய்து ‘டெலிட் வால்யூம்’ கொடுங்கள். ‘இஎஃப்ஐ சிஸ்டம் பார்ட்டிஷன்’ என்ற சின்னப் பகுதியை எந்தக் காரணத்துக்காகவும் தொட வேண்டாம். விண்டோஸ் பூட் ஆவதும் அதை வைத்துத்தான். அதற்குள் உபுண்டு என்ற ஃபோல்டர் மிஞ்சியிருக்கும். சில எம்பிதான், கிடந்துவிட்டுப் போகட்டும். அதைச் சுத்தம் செய்யப் போய் விண்டோஸையே படுக்க வைப்பார்கள்.

காலியான இடத்தை சி டிரைவோடு சேர்க்க ‘எக்ஸ்டெண்ட்’ வரவில்லையா? நடுவில் ரெக்கவரி பார்ட்டிஷன் உட்கார்ந்திருக்கும். சண்டை போடாமல் அந்த இடத்தைத் தனி டிரைவாக்கிக்கொள்ளுங்கள்.

கேள்வி: பிள்ளைகள் வெளிநாட்டில். ஊர் வீட்டில் உள்ள கம்ப்யூட்டர் வருடத்துக்கு ஒருமுறை, படைப்புக்கு எல்லாரும் வரும்போதுதான் ஆன் ஆகும். பேரன் போட்டுக்கொடுத்த உபுண்டு 16.04. இந்தத் தடவை எந்த இணையதளம் திறந்தாலும் ‘பாதுகாப்பில்லை’ என்கிறது, அப்டேட்டும் ஓடவில்லை.
– ஆச்சி ஒருவர், கானாடுகாத்தான்

பதில்: முதலில் திரையின் மேலே தேதியைப் பாருங்கள் ஆச்சி. போன வருடத் தேதியோ அதற்கும் பழையதோ காட்டும் என்று நினைக்கிறேன். மதர்போர்டில் ஒரு ரூபாய் நாணயம் போல சிஆர்2032 என்ற பேட்டரி இருக்கும். மாதக்கணக்கில் கரண்டே இல்லாமல் கிடந்தால் அது தீர்ந்து, கடிகாரம் பின்னுக்குப் போய்விடும். இணையதளங்களின் சான்றிதழ்களுக்குத் தொடக்கத் தேதியும் முடிவுத் தேதியும் உண்டு. கம்ப்யூட்டர் பழைய தேதியில் இருந்தால், அந்தச் சான்றிதழ் இன்னும் பிறக்கவே இல்லை என்று கணக்குப் போடுகிறது. அப்டேட் நிற்பதற்கும் இது காரணமாகலாம். நெட் கிடைத்ததும் நேரம் தானாகச் சரியாக வேண்டும். ஆகாவிட்டால் செட்டிங்ஸில் தேதியைக் கையால் மாற்றுங்கள். பேட்டரியையும் மாற்றிவிடுங்கள்.

ஆனால் 16.04-க்கு வழக்கமான ஆதரவு, அதாவது பாதுகாப்பு அப்டேட்கள், 2021 ஏப்ரலிலேயே முடிந்துவிட்டது. அங்கிருந்து முறையாக ஏறினால் 18.04, 20.04, 22.04, 24.04 என்று நாலு படி. நீண்டகால ஆதரவுப் பதிப்புகளில் ஒன்றைத் தாண்டி அடுத்ததற்குக் குதிக்க முடியாது. பேரன் வந்திருக்கும்போதே படங்களைப் பென்டிரைவில் எடுத்துவிட்டு 24.04-ஐப் புதிதாகவே போடச் சொல்லுங்கள். அதற்கு 2029 வரை ஆதரவு உண்டு. ராம் 4 ஜிபிக்குக் குறைவென்றால் லினக்ஸ் மின்ட்டின் எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு இலகுவாக ஓடும். 32 பிட் பிராசசராக இருந்தால் இவை இரண்டுமே ஏறாது, டெபியன் 12 என்ற இன்னொரு லினக்ஸைப் போடலாம்.

கேள்வி: ரைஸ் மில் ஆபீஸ் கம்ப்யூட்டர். அப்டேட் போட்டால் ‘பூட்’டில் இடமில்லை என்கிறது. ஆனால் டிஸ்க்கில் 200 ஜிபி காலி.
– புதுவயல் வாசகர்

பதில்: நிறுவும்போது டிஸ்க்கை என்கிரிப்ட் செய்திருப்பீர்கள், அதாவது பாஸ்வேர்டு இல்லாமல் படிக்க முடியாதபடி மாற்றியிருப்பீர்கள். அப்போது கம்ப்யூட்டர் தொடங்கத் தேவையான ‘பூட்’ ஃபோல்டருக்கு மட்டும் சின்னதாகத் தனி அறை ஒதுக்கப்படும். லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலின் பழைய பதிப்புகள் சேர்ந்து அது நிரம்பிவிட்டது. டெர்மினலில் சூடோ ஆப்ட் ஆட்டோரிமூவ் என்ற கட்டளை வேண்டாதவற்றை எடுத்துவிடும். அந்த ஃபோல்டருக்குள் போய்க் கையால் ஃபைல்களை அழிக்காதீர்கள். ஓடிக்கொண்டிருக்கும் கெர்னலையே அழித்துவிட்டால் மறுநாள் காலை பில் போட முடியாது.

கேள்வி: விண்டோஸ், லினக்ஸ் இரண்டும் இருக்கின்றன. விண்டோஸுக்குத் திரும்பினால் கடிகாரம் சரியாக ஐந்தரை மணி நேரம் பின்னால் நிற்கிறது.
– பள்ளத்தூர் வாசகர்

பதில்: லினக்ஸ் மதர்போர்டு கடிகாரத்தில் கிரீன்விச் நேரத்தை எழுதும், விண்டோஸ் அதை இந்திய நேரம் என்று எடுத்துக்கொள்ளும். அந்த 5:30 அப்படி வந்தது. லினக்ஸில் டைம்டேட்சிடிஎல் கட்டளையில் ‘செட்-லோக்கல்-ஆர்டிசி 1’ கொடுத்தால் தீரும். லினக்ஸை எடுத்துவிடுவதாக இருந்தால் எதுவும் செய்ய வேண்டாம்.

கேள்வி: 22.04-இல் இருந்து 24.04-க்கு மாறும்போது பாதியில் கரண்ட் போய்விட்டது. இப்போது உள்ளே போக முடியவில்லை.
– பொன்னமராவதி ஆசிரியர்

பதில்: டவுன்லோடு நடக்கும்போது போனால் பரவாயில்லை, மறுபடி தொடங்கலாம். இன்ஸ்டால் நடக்கும்போது போனால்தான் வில்லங்கம். ஆன் செய்ததும் கிரப் மெனுவில் ‘அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்’ போய், ரெக்கவரி மோட் தேர்ந்தெடுங்கள். அங்கே வரும் பட்டியலில் முதலில் ‘நெட்வொர்க்’, பிறகு ‘டிபிகேஜி’. அரைகுறையாக நிற்கும் மென்பொருள் பேக்கேஜ்களை அது முடித்துவைக்கும். பெரும்பாலும் அதிலேயே எழுந்துவிடும். எழாவிட்டால் உபுண்டு பென்டிரைவில் பூட் செய்து, ‘டிரை’ கொடுத்து உங்கள் ஃபைல்களை வெளியே எடுத்துவிட்டுப் புதிதாகப் போடுங்கள். டெஸ்க்டாப் என்றால் அடுத்த தடவை யுபிஎஸ் இல்லாமல் தொடாதீர்கள். இன்னொன்று, 22.04-க்கு 2027 ஏப்ரல் வரை ஆதரவு இருக்கிறது. தேர்வு வினாத்தாள் தயாரிக்கும் வாரத்தில் இந்த அவசரம் தேவையில்லை.

கேள்வி: டைல்ஸ் பட்டறைக் கணக்குக்கு டாலி வேண்டும் என்கிறார் ஆடிட்டர். லினக்ஸ் மட்டும் உள்ள பழைய கம்ப்யூட்டரில் விண்டோஸ் 10 போடலாமா?
– ஆத்தங்குடி வாசகர்

பதில்: டாலிக்கு லினக்ஸ் பதிப்பு கிடையாது, விண்டோஸுக்கு மாறுவதில் தவறே இல்லை. ஆனால் விண்டோஸ் 10-க்கு ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. ஜிஎஸ்டி லாகினும் பேங்க் பாஸ்வேர்டும் புழங்கும் கம்ப்யூட்டரில் அதை நான் போடமாட்டேன். விண்டோஸ் 11-க்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி கம்ப்யூட்டரிலேயே இருக்க வேண்டும்; உங்கள் பழைய கம்ப்யூட்டரில் அது இருக்க வாய்ப்புக் குறைவு. கணக்குக்கு ஒரு விண்டோஸ் 11 கம்ப்யூட்டர் தனியாக வாங்கிவிட்டு, பழையதில் லினக்ஸே இருக்கட்டும். டிசைன் படங்களை வாடிக்கையாளருக்குக் காட்ட அது போதும்.