ஆர்.ஓ. தண்ணீர் எலும்பை அரிக்குமா?

எட்டு வருடமாகக் குடிக்கும் ஆர்.ஓ. தண்ணீர், அதாவது தாதுக்களையும் பெருமளவு வடிகட்டிவிடும் இயந்திரத்தில் சுத்திகரித்த நீர், உங்கள் எலும்பை அரித்துவிடவில்லை. அந்தப் பயத்தை முதலில் இறக்கி வையுங்கள். சுத்திகரித்த தண்ணீர் குடித்த எலிகளுக்குக் குடல் புண்ணாகி, எலும்பு நொறுங்கியதாக ஒரு வீடியோ பார்த்ததிலிருந்து தூக்கம் போய்விட்டது, முடி கொட்டுகிறது, நகத்தில் வெள்ளைப் புள்ளி, ராத்திரியில் கெண்டைக்கால் பிடித்து இழுக்கிறது, பிரஷர் மாத்திரையும் சாப்பிடுகிறேன் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த வீடியோவை எடுத்தவர்கள் பாதிக் கதையைத்தான் சொல்லியிருக்கிறார்கள்.

குடல் விஷயம் 1963-இல் வந்த ஓர் ஆய்வு. காய்ச்சி வடித்த நீரை எலியின் குடலுக்குள் செலுத்தியபோது உட்சுவர் செல்களில் மாற்றம் தெரிந்தது. 1993-இல் வேறு ஆய்வாளர்கள் 14 நாள் சோதனை நடத்தி, எலிகளின் உணவுக்குழாய், இரைப்பை, சிறுகுடல் மூன்றையும் நுண்ணோக்கியில் பார்த்தார்கள். அரிப்பு, புண், அழற்சி எதுவும் இல்லை. தாது நீக்கிய நீர் குடித்த விலங்குகளுக்குச் சிறுநீர் அதிகம் போனது, அதோடு கொஞ்சம் தாதுக்களும் வெளியேறின என்ற ஆய்வுகள் உண்டு. 2005-இல் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட நூலில்கூட அவை பதிவாகியிருக்கின்றன. ஆனால் கணக்கைப் பாருங்கள். ஓர் எலி நாளுக்கு சுமார் 15 கிராம் தீவனம் தின்னும். அதில் அரை சதவீதம் கால்சியம் இருக்க வேண்டும் என்பது பரிந்துரை, அதாவது 75 மில்லிகிராம். அது குடிப்பதோ 30 மில்லி தண்ணீர். லிட்டருக்கு 50 மில்லிகிராம் கால்சியம் உள்ள நீரென்றாலும் அதில் கிடைப்பது ஒன்றரை மில்லிகிராம்தான். எலியின் எலும்பைத் தீவனம்தான் வளர்க்கிறது.

இன்னொன்று. உலகெங்கும் பல ஆய்வகங்களில் எலிகளுக்கு அன்றாடம் வைப்பதே ஆர்.ஓ. தண்ணீர்தான். கிருமி வளராமல் இருக்க அதில் அமிலம் சேர்த்து பி.எச். அளவை (எண் குறைந்தால் புளிப்பு அதிகம்) 2.5 முதல் 3 வரை இறக்குவதும் உண்டு. அதைக் குடித்தே அவை வளர்கின்றன, குட்டி போடுகின்றன.

உங்களுக்கும் அதே கணக்குதான். இரண்டு லிட்டர் நல்ல தாது நீரில் 100 மில்லிகிராம் கால்சியம் கிடைக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். நாள் தேவை சுமார் 1000. அந்த இழப்பை அரை டம்ளர் பால் ஈடுகட்டிவிடும். முடி கொட்டுவதையும் நகத்தில் இருக்கும் வெள்ளைப் புள்ளியையும் தண்ணீர் தலையில் கட்டாதீர்கள்.

சரி, ராத்திரி கெண்டைக்கால் பிடித்து இழுப்பதற்கு வருவோம். என்னை நிறுத்தியது உங்கள் கடிதத்தின் கடைசி வரி: “அசிடிட்டிக்கு நாலைந்து வருடமாகத் தினமும் ஒமிப்ரசோல், நானே மருந்துக்கடையில் வாங்கிக்கொள்கிறேன்.” இதை நீங்கள் முதல் வரியில் எழுதியிருக்க வேண்டும்! வயிற்று அமிலத்தைக் குறைக்கும் இந்த வகை மாத்திரைகளை நீண்ட நாள் சாப்பிட்டால் ரத்தத்தில் மக்னீசியம் குறையலாம் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2011-இலேயே எச்சரித்தது. பெரும்பாலும் ஒரு வருடத்துக்கு மேல் எடுப்பவர்களுக்குத்தான் இது வருகிறது. அப்படி மக்னீசியம் இறங்கியவர்களில் ஏறக்குறைய நாலில் ஒருவருக்கு மக்னீசியம் மாத்திரை கொடுத்தும் சரியாகவில்லை, ஒமிப்ரசோல் வகையை நிறுத்திய பிறகுதான் ஏறியது. மக்னீசியம் மிகவும் இறங்கினால் கால்சியமும் பொட்டாசியமும் கூடவே இறங்கலாம். பிரஷர் மாத்திரையின் பெயரை நீங்கள் எழுதவில்லை. அதில் சிறுநீர் பிரிக்கும் மருந்து கலந்திருந்தால் இழப்பு இன்னும் கூடலாம். எலும்பு முறிவு அபாயம் பற்றி இதே மாத்திரைகளுக்கு 2010-இல் ஓர் எச்சரிக்கை வந்தது. எலும்புக்காகப் பயப்படுவதென்றால் இதற்குப் பயப்படுங்கள்.

தசைப்பிடிப்போடு நெஞ்சு படபடப்போ, துடிப்பு விட்டு விட்டு வருவதோ, உதட்டைச் சுற்றி மரமரப்போ, விரல்கள் தானாக மடங்கி இறுகுவதோ, மயக்கமோ, வலிப்போ வந்தால் காத்திருக்காதீர்கள். அந்த நேரமே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போய், என்ன மாத்திரைகள் சாப்பிடுகிறீர்கள் என்று சொல்லுங்கள். மக்னீசியம் மிகவும் இறங்கினால் இதயத்தின் தாளமே குழம்பலாம். இவை எதுவும் இல்லையென்றாலும் இந்த வாரத்துக்குள் மக்னீசியம், கால்சியம், பொட்டாசியம், சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினின் நான்கையும் ரத்தத்தில் பாருங்கள், ஒரு ஈ.சி.ஜி.யும் எடுங்கள். வழக்கமான பரிசோதனைப் பட்டியலில் மக்னீசியம் பெரும்பாலும் இருக்காது, கேட்டு வாங்க வேண்டும்.

வீடியோ பார்த்துத் தொடங்கிய தாதுச் சொட்டு மருந்தை நிறுத்துங்கள். தண்ணீரில் உப்புக் கரைத்துக் குடிப்பதையும் இன்றே விடுங்கள், உங்களுக்கு ரத்த அழுத்தம் இருக்கிறது. நீங்களாக வாங்கிய கால்சியம் மாத்திரை கார்பனேட் வகை. அது கரைய வயிற்றில் அமிலம் வேண்டும், அந்த அமிலத்தைத்தான் காலையில் மாத்திரை போட்டு அடக்கிவிடுகிறீர்களே! ஒமிப்ரசோலை மட்டும் நீங்களாகச் சட்டென்று நிறுத்தாதீர்கள், எரிச்சல் முன்பைவிட அதிகமாகத் திரும்பலாம். எல்லா மாத்திரை அட்டைகளையும் ஒரு பையில் போட்டு உங்கள் மருத்துவரிடம் எடுத்துப் போங்கள். ஒமிப்ரசோல் இன்னும் தேவையா, எப்படிக் குறைப்பது என்று அவர் முடிவு செய்யட்டும். ஆர்.ஓ. தண்ணீரைத் தாராளமாகக் குடிக்கலாம்.