நீர்த்துளிப் படம்: காசை எதில் போடலாம், எதில் வேண்டாம்?

கேள்வி (மார்த்தாண்டம்): வீட்டுக்குள் தண்ணீர்த் துளி விழுவதைப் படம் எடுக்க ஆசை. கேமராவோடு வந்த 18-55 மி.மீ. லென்ஸ் இருக்கிறது. ஷட்டரை 1/4000 நொடி வைத்தால் படம் இருட்டாகிறது, குறைத்தால் துளி கோடாக இழுபடுகிறது. கடையில், சிறு பொருளை மிக நெருக்கத்தில் எடுக்கும் மேக்ரோ லென்ஸ் வாங்கச் சொல்கிறார்கள். வாங்கலாமா?

பதில்: இப்போதைக்கு வேண்டாம். குறை லென்ஸில் இல்லை, வெளிச்சத்தில் இருக்கிறது. 40 செ.மீ. உயரத்திலிருந்து விழும் துளி, தண்ணீரைத் தொடும்போது நொடிக்கு சுமார் 2.8 மீட்டர் வேகத்தில் இருக்கும். 1/200 ஷட்டரில் அது 14 மி.மீ. நகர்ந்துவிடும். அறையை இருட்டாக்கி, ஃப்ளாஷை 1/20,000 நொடி மட்டும் மின்னவிட்டால் நகர்வது 0.14 மி.மீ. தான். துளியை நிறுத்துவது ஷட்டர் அல்ல, ஃப்ளாஷ்.

சாதாரண கேமரா ஃப்ளாஷில் பவரைக் குறைக்கக் குறைக்க மின்னும் நேரமும் குறையும். முழுப் பவரில் 1/300 நொடி அளவுக்குக்கூட நீளும். 1/64, 1/128 பவரில்தான் 1/20,000 பக்கம் வரும். ஆகவே கடையில் கேட்க வேண்டியது இரண்டே: பவரை நாமே மாற்றும் மேனுவல் மோடு உண்டா? பவர் 1/64க்காவது இறங்குமா? டிடிஎல் (ஒளியைக் கேமராவே அளந்து பவரை வைப்பது), எச்எஸ்எஸ் (வேகமான ஷட்டரோடு ஃப்ளாஷ் அடிக்க உதவுவது) இரண்டுக்கும் கூடுதல் காசு கொடுக்காதீர்கள். எச்எஸ்எஸ் மோடில் ஷட்டர் ஓடி முடியும்வரை ஒளி நீண்டுகொண்டே இருக்கும், துளி மறுபடி இழுபடும். விலை உயர்ந்த ஒரு ஃப்ளாஷைவிட விலை குறைந்த இரண்டு மேனுவல் ஃப்ளாஷும், தள்ளி வைத்த ஃப்ளாஷைக் கேமராவிலிருந்து மின்னவைக்கும் ஒரு டிரிகரும் இந்த வேலைக்கு நல்லது. குறைந்த பவரில் ஒளி போதாமல் போகும்போது இரண்டாவது கைகொடுக்கும்.

லென்ஸை 55 மி.மீ.யில் வையுங்கள். கேமராவில் மேனுவல் மோடு, ஷட்டர் 1/160 அல்லது 1/200, அப்பர்ச்சர் (லென்ஸின் ஒளித்துளை) எஃப்/11 முதல் எஃப்/16, ஐஎஸ்ஓ (ஒளி உணர்திறன்) 400. ஃப்ளாஷை அணைத்து ஒரு படம் எடுத்துப் பாருங்கள். முழுக் கறுப்பாக வர வேண்டும். ஏதாவது தெரிந்தால் ஜன்னல் வெளிச்சமோ டியூப் லைட்டோ உள்ளே வருகிறது. துளிக்குப் பின்னால் பேய் போல ஒரு நிழல் விழும்.

துளி சொட்ட மெடிக்கல் கடையில் கிடைக்கும் சலைன் செட் போதும். உருளையைத் திருகி, நொடிக்கு ஒரு சொட்டு என்று வையுங்கள். தட்டுக்கு, ரப்பர் பால் உறைய ஊற்றும் அலுமினியத் தட்டு நம் குமரி மாவட்டத்தில் எங்கும் கிடைக்கும். உள்ளே பளபளப்பில்லாத கறுப்புப் பெயின்ட் அடித்துக் காயவிடுங்கள், இல்லாவிட்டால் அலுமினியம் ஒளியைத் திருப்பி அடிக்கும். தண்ணீரை விளிம்பு தட்டும்வரை நிரப்பினால்தான் தாழ்ந்த கோணத்தில் முன் விளிம்பு படத்தில் விழாது. ஆழம் குறைந்தால் துளி விழுந்தபின் எழும் தண்ணீர்த் தூணும் குட்டையாகிவிடும்.

பெரும்பாலான படங்கள் கெடுவது ஃபோகஸில். துளி விழும் இடத்தில் தட்டின் குறுக்கே ஒரு ஸ்கேலை வைத்து, அதன்மேல் சொட்டு விழுவதைப் பார்த்து, அந்தப் புள்ளியில் கையால் ஃபோகஸ் செய்யுங்கள். பிறகு ஸ்கேலை எடுத்துவிட்டு லென்ஸைத் தொடாதீர்கள். ஃப்ளாஷைத் தண்ணீரின்மேல் நேராக அடிக்க வேண்டாம், வெள்ளைத் திட்டுகள் விழும். பின்னால் நிற்கும் வண்ண அட்டையின் மேல் அடியுங்கள். துளி தானே ஒரு லென்ஸ். அட்டையின் நிறம் அதற்குள் தலைகீழாக இறங்கிவிடும்.

இன்னும் நெருக்கம் வேண்டுமென்றால், கேமராவுக்கும் லென்ஸுக்கும் நடுவே மாட்டும் எக்ஸ்டென்ஷன் டியூப் வாங்கலாம். மின் தொடர்பு முனைகள் உள்ளதாகப் பாருங்கள். அவை இல்லாத மலிவு டியூபில் இக்கால லென்ஸ்கள் பலவற்றின் அப்பர்ச்சரை மாற்ற முடியாது.

கேள்வி (குலசேகரம்): இரண்டு துளிகள் மோதிக் குடை விரிவதுபோன்ற படத்துக்கு, சொட்டுகளை நேரம் பார்த்து விட வால்வு வேண்டுமாம். வாஷிங் மெஷின் வால்வு போதுமா?

பதில்: போதாது. அது திறக்கக் குழாய்த் தண்ணீரின் அழுத்தம் வேண்டும். மேலே தொங்கும் பாட்டிலில் இருந்து வரும் சிறு அழுத்தத்துக்கு அது அசையாது. அழுத்தமே இல்லாமலும் திறக்கும் ‘டைரக்ட் ஆக்டிங்’ வகை 12 வோல்ட் சோலனாய்டு (மின்சாரத்தில் திறக்கும்) வால்வைக் கேளுங்கள். குறைந்தபட்ச அழுத்தம் 0 என்று விவரத்தில் இருக்க வேண்டும். அதன் கம்பிச் சுருளுக்குக் குறுக்கே 1என்4007 டயோடு ஒன்றைப் போடாவிட்டால், வால்வு அணையும்போது எழும் மின் உதைப்பில் வால்வை ஓட்டும் டிரான்சிஸ்டர் போய்விடும். பாட்டிலை மூடி, மூடி வழியே ஒரு குழாயை அடிப்பக்கம் வரை இறக்கிக் காற்று விடுங்கள். அப்போதுதான் தண்ணீர் குறைந்தாலும் துளியின் அளவு மாறாது. லிட்டருக்கு 1 முதல் 2 கிராம் சாந்தன் கம் (தண்ணீரைக் கெட்டியாக்கும் பொடி) கலந்து, இரவு ஊறவைத்து, துணியில் வடிகட்டினால் குடை கிழியாமல் விரியும். பேக்கரிப் பொருள் கடைகளில் கேட்டுப் பாருங்கள். கலவையை இரண்டு நாளுக்கு மேல் வைக்க வேண்டாம்.

கேள்வி (குளச்சல்): மூடப்போகும் ஸ்டுடியோவில் பழைய பெரிய ஸ்டுடியோ ஃப்ளாஷ் மலிவாகத் தருகிறார்கள். எடுக்கலாமா?

பதில்: இந்த வேலைக்கு வேண்டாம். பழைய ஸ்டுடியோ ஃப்ளாஷ்களில் பவரைக் குறைத்தால் மின்னும் நேரம் கூடுவதே வழக்கம். அங்கே லென்ஸும் விற்றால், டார்ச்சை ஒரு பக்கமிருந்து அடித்து மறுபக்கம் பாருங்கள். சிலந்தி வலை போல நூல் தெரிந்தால் பூஞ்சை. கடற்கரையில் இருந்த ஃப்ளாஷ் என்றால் பேட்டரி முனையில் பச்சை பூத்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

கேள்வி (நாகர்கோவில்): 1/128 வரை இறங்கும் என்று போட்டிருந்த ஃப்ளாஷை ஆன்லைனில் வாங்கினேன். 1/16க்குக் கீழ் போகவில்லை. திருப்பி எடுக்க மறுக்கிறார்கள்.

பதில்: விளம்பரப் பக்கத்தின் படம், பில், ஃப்ளாஷின் திரையில் 1/16 நிற்கும் வீடியோ, இம்மூன்றையும் முதலில் சேமியுங்கள், பக்கத்தை நாளைக்கே மாற்றிவிடலாம். பிறகு அந்தத் தளத்தின் குறைதீர் அலுவலருக்கு எழுத்தில் அனுப்புங்கள். 2020 மின்வணிக விதிகளின்படி 48 மணி நேரத்துக்குள் பெற்றுக்கொண்டதாகச் சொல்ல வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். தீராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கும் அசையாவிட்டால் நாகர்கோவிலில் உள்ள மாவட்ட நுகர்வோர் ஆணையம். விற்றவர் எந்த ஊரில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போட 2019 சட்டம் இடம் தருகிறது. பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் இல்லை, 2 ஆண்டுக்குள் போட வேண்டும், வக்கீல் கட்டாயம் இல்லை.