கோலாப்பூர் செருப்பு கடிக்கிறதே!

கேள்வி: கோலாப்பூரின் செருப்புக் கடைத்தெருவான 'சப்பல் லைன்' பகுதியில் பழைய கடையொன்றில் வாங்கிய செருப்பு பெருவிரலைக் கடிக்கிறது. மழையிலும் நனைந்துவிட்டது. என்ன செய்யலாம்?

பதில்: கருவேலம்பட்டை, கடுக்காய் போட்டுப் பதப்படுத்திய தோல் புதிதில் விறைப்பாகத்தான் இருக்கும். விரல் வளையத்தின் உட்புறம் நான்கைந்து சொட்டு விளக்கெண்ணெய் தடவி ஓர் இரவு விடுங்கள். ஒரு வாரம் வீட்டுக்குள் அரைமணி நேரம் மட்டும் போடுங்கள். பாதம் படும் இடத்தில் எண்ணெய் வேண்டாம், வழுக்கும். நனைந்ததைத் துணியால் ஒற்றி நிழலில் காயவிடுங்கள். வெயிலில் வைத்தால் ஓரம் சுருண்டு அடுக்குகள் பிரியும். தையல் விட்டால் ஆணி அடிக்க விடாதீர்கள். தோல்வாரால் தைத்ததைத் தோல்வாராலேயே தைக்க வேண்டும். மழைக்காலத்துக்கு ரப்பர் செருப்பே போதுமே!

கேள்வி: கோலாப்பூர் இருப்பது மகாராஷ்டிரத்தில்; கர்நாடகத்தில் செய்த கோலாப்பூர் செருப்பு போலியா?

பதில்: இல்லை. 2019-இல் கிடைத்த புவிசார் குறியீடு மகாராஷ்டிரம், கர்நாடகம் இரு மாநிலங்களிலும் தலா நான்கு மாவட்டங்களுக்குப் பொது.