வளரும் பருவத்தைச் சொல்லும் தொலைக்காட்சித் தொடர்களில் உங்களை மிகவும் அழவைத்த தருணங்கள் எவை?

இந்தக் கேள்விக்கு எனக்கு ஒரே தொடர்தான் பதில்: 'தி ஒண்டர் இயர்ஸ்'. 1988 முதல் 1993 வரை அமெரிக்காவின் ஏபிசி அலைவரிசையில் வந்தது. ஆறு சீசன், 115 எபிசோடு. ஒளிபரப்பான காலத்துக்கு இருபது வருடம் முந்தைய கதை. 1968-ல் பன்னிரண்டு வயதுப் பையனாக அறிமுகமாகும் கெவின் ஆர்னால்ட், 1973-ல் கதை முடியும்போது பதினேழு வயதில் நிற்கிறான். எல்லா வீடும் ஒரே மாதிரி இருக்கும் ஒரு புறநகர்ப் பகுதியில் நடக்கிறது. அது எந்த ஊர் என்று கடைசி வரை சொல்லவே மாட்டார்கள்.

பார்த்தவர்கள் எல்லோரும் முதலில் சாவுக் காட்சிகளைத்தான் சொல்வார்கள். நானும் அவற்றைச் சொல்லத்தான் போகிறேன். ஆனால் என்னை உலுக்கியது சாவு மட்டும் இல்லை. கெவினாக நடித்த சிறுவன் ஃபிரெட் சாவேஜ். கதையைச் சொல்லும் குரலோ டேனியல் ஸ்டெர்னுடையது, அதாவது வளர்ந்து ஆளாகிவிட்ட கெவினுடையது. திரையில் இருக்கும் பையனுக்கு அடுத்து என்ன நடக்கும் என்று தெரியாது. பேசுகிற குரலுக்கு எல்லாம் தெரியும். பக்கத்தில் இருப்பவர்களின் அருமை தெரியாமல் பையன் கோபப்படுவான், முகத்தைத் திருப்பிக்கொள்வான். அந்தக் குரல் அவனைத் தடுக்க முடியாமல் பார்த்துக்கொண்டே இருக்கும். இந்தத் தொடரில் எனக்குத் தொண்டை அடைத்த இடங்கள் எல்லாமே இப்படிப்பட்டவைதான்.

முதல் எபிசோடிலேயே ஒன்று இருக்கிறது. கெவினின் மனசில் இருக்கும் எதிர்வீட்டுப் பெண் வின்னி. அவளுடைய அண்ணன் பிரையன் கூப்பர், தெருப் பையன்களுக்கெல்லாம் நாயகன். வியட்நாம் போருக்குப் போனவன். கெவின் அன்றைக்குப் பள்ளியில் பெரிய வம்பில் மாட்டி, அப்பா அம்மாவோடு காரில் திரும்பி வருகிறான். வீட்டில் செம அடி காத்திருக்கிறது என்று அவனுக்கும் தெரியும், நமக்கும் தெரியும். வந்து இறங்கினால் பிரையன் போரில் இறந்துவிட்டான் என்ற செய்தி. அந்த நொடியில் பள்ளி, வம்பு, தண்டனை எல்லாம் ஒன்றுமில்லாமல் போய்விடுகிறது. அந்தப் போரில் அமெரிக்கர்கள் மிக அதிகமாகச் செத்த வருடம் 1968. அந்த ஒரு வருடத்தில் மட்டும் 16,000 பேருக்கு மேல். அந்த எண்ணிக்கையில் ஒருவனின் வீடு எப்படி இருக்கும் என்று இந்தத் தொடர் காட்டியது. அதன் பிறகு வின்னியின் அப்பாவும் அம்மாவும் கொஞ்ச காலம் பிரிந்து வாழ்வதும், அந்தக் குடும்பம் வீட்டை மாற்றிக்கொண்டு போவதும் இந்த ஒரு மரணத்தின் நீட்சிதான்.

அப்புறம் கணக்கு வாத்தியார் காலின்ஸ். இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

மூன்றாவது சீசனில் இவருக்கென்று மூன்று எபிசோடு உண்டு. ஸ்டீவன் கில்போர்ன் நடித்திருப்பார். சிரிக்கவே மாட்டார், ஒரு வார்த்தை அதிகமாகப் பேச மாட்டார், பையன்களை 'மிஸ்டர்' போட்டுத்தான் கூப்பிடுவார். அல்ஜீப்ராவில் கெவின் தட்டுத் தடுமாறிக்கொண்டிருக்கிறான். சி கிரேடு வாங்குவதற்கே படாதபாடு. இதைவிட நன்றாகச் செய்ய உன்னால் முடியும் என்று அவர் நினைக்கிறார். பள்ளி முடிந்த பிறகு தனியாக உட்கார வைத்துச் சொல்லித் தருகிறார். பையனுக்குக் கணக்கு பிடிபட ஆரம்பிக்கிறது. அதைவிட முக்கியம், இவர் என் நண்பர் என்று நினைக்க ஆரம்பிக்கிறான். இந்த முறை ஏ வாங்கிக் காட்டுகிறேன் என்று எல்லோரிடமும் சொல்லிவிடுகிறான்.

தேர்வு நெருங்கும்போது, இனி வர முடியாது என்று காலின்ஸ் ஒதுங்கிக்கொள்கிறார். காரணம் சொல்லவில்லை. கெவினுக்குத் தாங்கவில்லை. நீங்கள் என் நண்பர் என்று நினைத்தேனே என்கிறான். நண்பன் இல்லை, நான் உன் ஆசிரியர் என்று அவர் பதில் சொல்கிறார். பையனுக்கு அது கன்னத்தில் அறைந்த மாதிரி இருக்கிறது. தேர்வு அன்றைக்கு விடைத்தாள் முழுக்க வேண்டுமென்றே கண்டதையும் கிறுக்கி, அவர் முன்னால் வைத்துவிட்டுப் போகிறான்.

வார இறுதி முழுக்க மனசு குத்துகிறது. திங்கட்கிழமை மன்னிப்புக் கேட்கலாம் என்று வந்தால், வகுப்பில் அவர் இல்லை. இறந்துவிட்டார் என்று துணை முதல்வர் சொல்கிறார்.

இதோடு முடித்திருந்தாலே போதும், எல்லோரும் அழுதிருப்பார்கள். ஆனால் இதற்குப் பிறகு வருவதுதான் என்னை நொறுக்கியது. கெவின் கிறுக்கிக் கொடுத்த தாள் காலின்ஸின் கணக்கில் ஏறவே இல்லை. அவன் பெயரைப் போட்டு எழுதப்படாத புதுக் கேள்வித்தாள் ஒன்றை அவர் எடுத்து வைத்துவிட்டுப் போயிருக்கிறார். பையன் காலியான வகுப்பில் உட்கார்ந்து அந்தத் தேர்வை எழுதி முடிக்கிறான். தாளைக் கொடுக்கும்போது, இதைத் திருத்த வேண்டியதில்லை, இது ஏ என்கிறான்.

கோபத்தில் ஒரு பையன் செய்ததை அவர் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அவன் திரும்பி வருவான் என்று நம்பியிருக்கிறார். நான் உன் ஆசிரியர் என்று அவர் சொன்னதை அவன் விரட்டுவதாக எடுத்துக்கொண்டான். அவருக்கோ அது அவர் தரக்கூடியதிலேயே பெரிய வார்த்தை. இதை அவனால் இனி அவரிடம் போய்ச் சொல்ல முடியாது. 1990-ல் இந்த மூன்றாவது எபிசோடை எழுதியவருக்கும் இயக்கியவருக்கும் அமெரிக்கத் தொலைக்காட்சியின் பெரிய விருதான எம்மி கிடைத்தது. அந்த விருதுக்கு முழுத் தகுதியும் இந்த எபிசோடுக்கு உண்டு.

நான்காவது சீசனில் வின்னி கார் விபத்தில் சிக்கும் எபிசோடையும் பலர் சொல்வார்கள். காயத்தோடு படுத்திருக்கும் அவளைப் பார்க்க கெவின் ராத்திரியில் ஜன்னல் வரை ஏறிப் போவான். கண்ணாடிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக இருவரும் சத்தமில்லாமல் உதட்டை மட்டும் அசைத்து 'ஐ லவ் யூ' சொல்வார்கள். அழகான காட்சி. எனக்குக் கண் கலங்கியது உண்மை. ஆனாலும் அதை என் பட்டியலில் மேலே வைக்க மாட்டேன், ஏனென்றால் அங்கே சொல்ல வேண்டியதை அவர்கள் நேரத்தோடு சொல்லிவிடுகிறார்கள்.

என் கணக்கில் முதல் இடம் அப்பா ஜாக்குக்குத்தான். நடித்தவர் டான் லோரியா. வேலை முடிந்து வரும்போது எப்போதும் கடுகடு முகம். அவர் உள்ளே நுழைகிற விதத்தை வைத்தே இன்றைக்கு வாயைத் திறக்கலாமா கூடாதா என்று வீடே முடிவு செய்யும். முதல் சீசனில் ஒருநாள் கெவின் அவரோடு அலுவலகத்துக்குப் போகிறான். அப்பாவின் நாற்காலியில் உட்கார்ந்து பார்க்கிறான், பெருமையாக இருக்கிறது. சின்ன வயதில் கப்பல் கேப்டன் ஆக ஆசைப்பட்டேன், நட்சத்திரங்களைப் பார்த்துக் கப்பல் ஓட்ட வேண்டும் என்று நினைத்தேன் என்கிறார் அப்பா. கொஞ்ச நேரத்தில் மேலதிகாரி வந்து, மகன் நிற்கிறான் என்றுகூடப் பார்க்காமல் அவரைத் திட்டித் தீர்க்கிறார். அன்று ராத்திரி அப்பா வழக்கம்போல் வீட்டு முற்றத்தில் தொலைநோக்கியோடு தனியாக நிற்கிறார். அவர் ஏன் அங்கே போய் நிற்கிறார் என்று அதுவரை பையனுக்குத் தெரியாது. இப்போது தெரிகிறது. போய்ப் பக்கத்தில் நிற்கிறான்.

இந்தக் காட்சியை மனசில் வைத்துக்கொண்டு கடைசி எபிசோடுக்கு வாருங்கள். இதற்குள் ஜாக் அந்த அலுவலக வேலையை உதறிவிட்டு, சொந்தமாக ஒரு மரச்சாமான் தொழிற்சாலை வாங்கியிருப்பார். பல வருடம் பல்லைக் கடித்துக்கொண்டு வேலை பார்த்த மனிதருக்குக் கடைசியில் தனக்கென்று ஒன்று கிடைத்திருக்கிறது. 1973 ஜூலை 4, சுதந்திர தின ஊர்வலம். வளர்ந்த கெவினின் குரல் ஒவ்வொருவரும் பிற்பாடு என்ன ஆனார்கள் என்று சொல்லிக்கொண்டே வருகிறது. நண்பன் பால் ஹார்வர்டுக்குப் போய்ச் சட்டம் படித்தான். அம்மா தொழில் துறையில் பெரிய பொறுப்புக்கு வந்தார். அண்ணன் வேய்ன் மரச்சாமான் தொழிலிலேயே தங்கிவிட்டான். இரண்டு வருடம் கழித்து அப்பா இறந்தபோது தொழிற்சாலையை அவனே எடுத்து நடத்தினான்.

கவனித்தீர்களா? அப்பா இறந்த செய்திக்குத் தனியாக ஒரு வாக்கியம்கூட இல்லை. வேய்னைப் பற்றிய செய்தியின் வாலில் ஒட்டிக்கொண்டு வந்துவிட்டுப் போகிறது. படுக்கை, மருத்துவமனை, அழுகை எதுவும் காட்டவில்லை. திரையில் அந்த நேரத்தில் அப்பா உயிரோடு, குடும்பத்தோடு ஊர்வலம் பார்த்துக்கொண்டிருக்கிறார். பல வருடம் கழிந்த பிறகு, சொந்தத் தகப்பனின் சாவை நாம் வேறு யாரோ ஒருவருக்குச் சொல்லும்போது இப்படித்தான் ஒரு பேச்சின் நடுவில் போகிற போக்கில் சொல்லிவிட்டு அடுத்ததற்குப் போவோம். அதனால்தான் அந்த ஒரு வரி அவ்வளவு நிஜமாக இருக்கிறது, அவ்வளவு வலிக்கிறது.

இதே முடிவில்தான் வின்னியின் செய்தியும் வருகிறது. அவள் கலை வரலாறு படிக்க பாரிஸ் போகிறாள். எட்டு வருடம் வாரம் தவறாமல் இருவரும் கடிதம் எழுதிக்கொள்கிறார்கள். அவள் ஊர் திரும்பும்போது கெவின் வரவேற்கப் போகிறான், தன் மனைவியோடும் எட்டு மாதக் குழந்தையோடும். இருவரையும் சேர்த்து வைக்கவில்லையே என்று இன்னும் கோபப்படுகிற ரசிகர்கள் இருக்கிறார்கள். அந்தக் கோபம் எனக்குப் புரிகிறது, ஆனால் நான் அதில் சேர மாட்டேன். எட்டு வருடம் கடிதம் எழுதிய இருவர் கல்யாணம் செய்துகொள்ளவில்லை என்பதால் அவர்களுக்குள் இருந்தது பொய்யாகிவிடாது. மனைவியைக் கூட்டிக்கொண்டு அவளை வரவேற்கப் போக முடிந்தது என்பதே எனக்குப் பெரிய ஆறுதல்.

இதுவரை பார்க்காதவர்களுக்கு ஒரே வேண்டுகோள். சோகக் காட்சிகளை மட்டும் துண்டு துண்டாகத் தேடிப் பார்க்காதீர்கள். காலின்ஸின் மூன்று எபிசோடுகளையும் வரிசையாகப் பாருங்கள். முதல் இரண்டில் அவரைப் பார்த்து எரிச்சல் வந்தால்தான் மூன்றாவது வேலை செய்யும். கடைசி எபிசோடைத் தொடுவதற்கு முன்னால் அப்பாவின் அலுவலக எபிசோடைக் கட்டாயம் பார்த்துவிடுங்கள்.