வால்பாறை டூருக்குத் துணைக்குப் போறவங்களுக்கு

மூணாங்கிளாஸ் பிள்ளைங்களோட மறுபடி டூர் போறீங்க, போன தடவை கத்துனதுதான் மிச்சம், உங்க பையனும் அழுதான், இந்தத் தடவை எப்படிச் சமாளிக்கிறதுன்னு கேட்டிருந்தீங்க. வேலை என்னன்னு தெரியாம பஸ் ஏறினா அப்படித்தாங்க ஆகும். முந்தின நாளே டீச்சர்கிட்ட உங்க பொறுப்புல வர்ற பிள்ளைங்க பேரை எழுதி வாங்கிக்கோங்க, எட்டுக்கு மேல வேண்டாம். பையனை வேற குழுவுல விடுங்க. பக்கத்துல இருந்தா அவன் சிணுங்குவான், நீங்களும் அவனையே பார்ப்பீங்க.

ஆழியாறு தாண்டினா 40 கொண்டை ஊசி வளைவு. வாந்தி வர்ற பிள்ளைங்களுக்கு முன் சீட்டு. காலையில பூரி, பொங்கல் வேண்டாம், ரெண்டு இட்லி போதும். வாந்தி எடுக்கக் கவரை ரெண்டு ரெண்டாப் போட்டு மடிச்சு வைங்க, ஒத்தைக் கவர் ஒழுகும். மாத்திரை நீங்களாத் தராதீங்க, அது அந்தப் பெற்றோரும் டீச்சரும் பேச வேண்டியது.

எண்ணிக்கையைப் பேர் கூப்பிட்டு எடுக்காதீங்க. இல்லாதவனுக்கும் பக்கத்துப் பையன் "உள்ளேன்" சொல்லிடுவான்! தலையைத் தொட்டு எண்ணுங்க: இறங்கினதும், கழிப்பறை போய் வந்ததும், பஸ் கிளம்புறதுக்கு முன்னும். குரங்கருவிகிட்ட தின்பண்டப் பையைத் திறக்கவே விடாதீங்க.

டீச்சர் சிடுசிடுத்தா மனசுல வெச்சுக்காதீங்க, அவங்க தலையில மொத்த வகுப்பும் இருக்கு. "அடுத்து என்னங்க டீச்சர்?"னு கேட்டுப் பாருங்க.