டெங்குக் காய்ச்சலுக்குப் பின் கொட்டும் முடிக்கு எந்த எண்ணெய் நல்லது?

வெள்ளவத்தையிலிருந்து 34 வயது வாசகி ஒருவர் கேட்டிருக்கிறார்: டெங்குக் காய்ச்சல் குணமாகி இரண்டரை மாதங்கள் ஆகின்றன. இப்போது தலை வாரும்போதும் முழுகும்போதும் முடி கொத்துக் கொத்தாகக் கொட்டுகிறது; பொடுகும் இருக்கிறது. தேங்காய் எண்ணெயுடன் ஆமணக்கெண்ணெயைக் கலந்து இரவு முழுவதும் ஊறவிடும்படி மாமியார் சொல்கிறார். ரோஸ்மேரி எண்ணெய்தான் சிறந்தது என்கிறார் அலுவலகத் தோழி. எதை வாங்குவது?

எதையும் வாங்குவதற்கு முன், இன்று சீப்பில் சிக்கிய முடிகளில் சிலவற்றைப் பிரித்தெடுத்து, வெளிச்சத்தில் பிடித்து அவற்றின் முனைகளைப் பாருங்கள். ஒரு முனையில் குண்டூசித் தலையைவிடச் சிறிய வெண்ணிறக் குமிழ் இருந்தால், அந்த முடி தன் காலம் முடிந்து வேரோடு கழன்று வந்திருக்கிறது. இரு முனைகளிலும் குமிழ் இல்லாமல், நீளமும் குறைவாக இருந்தால் அது நடுவில் முறிந்த முடி. இவ்விரண்டில் எண்ணெயால் நேரடியாகத் தடுக்கக்கூடியது முறிவை மட்டுமே.

உங்கள் முடிகளில் பெரும்பாலானவற்றில் அந்தக் குமிழ் இருக்கும் என்றே எதிர்பார்க்கிறேன். கடும் காய்ச்சல், மகப்பேறு, சத்திரசிகிச்சை போன்றவை உடலை உலுக்கும்போது, வளர்ந்துகொண்டிருந்த முடிகளில் ஒரு பகுதி ஒரே நேரத்தில் ஓய்வு நிலைக்குச் சென்று, இரண்டு மூன்று மாதங்கள் கழித்து ஒன்றாக உதிரும். நோய் மாறிய பின்னர் முடி கொட்டுவது இதனால்தான். வேர் அழிவதில்லை, பெரும்பாலானோருக்கு ஆறு மாதங்களுக்குள் உதிர்வு தானாகவே தணிந்துவிடும். புதிய முடி மாதத்திற்கு ஏறக்குறைய ஒரு சென்ரிமீற்றர்தான் வளரும் என்பதால், இரண்டு வாரத்தில் அடர்த்தி தருவதாகச் சொல்லும் எந்தப் போத்தலையும் நம்ப வேண்டாம்.

அப்படியானால் எண்ணெய் எதற்கு? இருக்கும் முடியைக் காப்பதற்கு. இதில் தேங்காய் எண்ணெய்க்கு நிகரானது குறைவு. அதில் ஏறக்குறைய பாதியளவு இருக்கும் லோரிக் அமிலம் என்னும் கொழுப்பமிலத்தின் மூலக்கூறு சிறியதாகவும் நேரானதாகவும் இருப்பதால், அது முடித்தண்டின் உள்ளே ஊடுருவுகிறது. 2003ஆம் ஆண்டு வெளியான ஓர் ஆய்வில் தேங்காய் எண்ணெய், சூரியகாந்தி எண்ணெய், கனிம எண்ணெய் ஆகிய மூன்றையும் ஒப்பிட்டபோது, முடியின் புரத இழப்பைக் குறிப்பிடத்தக்க அளவில் குறைத்தது தேங்காய் எண்ணெய் மட்டுமே. நனையும்போது முடி ஊதிப் பெருத்து, காயும்போது சுருங்குகிறது. அந்த வீக்கத்தையும் அது குறைக்கிறது. கொழும்பின் புழுக்கத்தில் அடிக்கடி தலை முழுகி, ஈரம் காயும் முன்பே முடியை இறுக்கிக் கட்டிக்கொண்டு வேலைக்கு ஓடுபவர்களுக்கு இது பெரிய உதவி. நல்லெண்ணெய் பழக்கமானவர்கள் அதையே தொடரலாம், குறையொன்றுமில்லை.

ஆமணக்கெண்ணெய் முடியை வளர்க்கும் என்பதற்கு நம்பத்தக்க சான்று இல்லை. மிகவும் தடிப்பான எண்ணெய் என்பதால் முடிக்குப் பளபளப்புத் தரும். ஆனால் கழுவி எடுப்பது கடினம், தேய்த்துக் கழுவும்போது நீண்ட முடி சிக்காகி, இருப்பதும் முறியும். மாமியாரின் சொல்லைத் தட்ட மனமில்லையென்றால், நான்கு பங்கு தேங்காய் எண்ணெய்க்கு ஒரு பங்கிற்கு மேல் சேர்க்காமல், முடியின் நுனிப்பகுதிக்கு மட்டும் பூசுங்கள்.

ரோஸ்மேரி பற்றி உங்கள் தோழி சொல்வதில் ஓரளவு உண்மை உண்டு. பரம்பரை வழுக்கை உள்ள 100 பேரிடம் நடத்தப்பட்டு 2015இல் வெளியான ஆய்வில், ஆறு மாத முடிவில் அது முடி வளர்வதற்காகத் தலையில் பூசும் 2 சதவீத மினொக்ஸிடில் மருந்துக்கு ஒத்த பலனைக் காட்டியது. மூன்றாம் மாதத்தில் இரு தரப்பிலும் குறிப்பிடத்தக்க மாற்றம் இருக்கவில்லை. அது ஒரு சிறிய ஆய்வு. உங்களுடையதோ வேறு வகை உதிர்வு. ஆகவே இப்போது அதற்குப் பணம் செலவழிக்கத் தேவையில்லை. பயன்படுத்தியே ஆகவேண்டுமென்றால், 30 மில்லிலீற்றர் தேங்காய் எண்ணெயில் ஆறு முதல் பன்னிரண்டு துளிகள் போதும். முதலில் முன்கையின் உட்புறத்தில் சிறிது தடவி, இரண்டு நாட்கள் அரிப்போ சிவப்போ வருகிறதா என்று பாருங்கள். கலக்காத ரோஸ்மேரி எண்ணெயைத் தலையில் ஊற்றவே கூடாது.

கையாந்தகரை, நெல்லிக்காய், செவ்வரத்தம்பூ போட்டுக் காய்ச்சிய எண்ணெய்களையும் விரும்பினால் பூசலாம். அவற்றின் அடியிலும் இருப்பது பெரும்பாலும் தேங்காய் எண்ணெயே.

இனிப் பொடுகு. எல்லாவற்றிலும் இதுவே எனக்குக் கவலை தருகிறது, ஏனெனில் இந்த நிலையில் இரவு முழுவதும் எண்ணெய் ஊறவிடுவது நன்மையைவிடத் தீமையே செய்யும். பொடுகுக்குக் காரணமான மலசீசியா என்னும் பூஞ்சை தனக்கு வேண்டிய கொழுப்பமிலங்களைத் தானே உருவாக்க முடியாமல், தலைத்தோலின் எண்ணெய்ப் பசையை நம்பியே வாழ்கிறது. வெளியிலிருந்து பூசும் எண்ணெய் அதற்குத் தீனியாகிவிடுகிறது. ஆகவே முதலில் பூஞ்சையை அடக்கும் கீட்டோகொனசோல் ஷாம்பூவை வாரத்தில் இரு முறை, தலைத்தோலில் ஐந்து நிமிடங்கள் விட்டுக் கழுவி, நான்கு வாரங்கள் வரை பயன்படுத்துங்கள். அதுவரை எண்ணெயைக் காதுமட்டத்திற்குக் கீழுள்ள முடிக்கு மட்டும், ஒரு தேக்கரண்டி அளவில், முழுகுவதற்கு ஓரிரு மணி நேரத்துக்கு முன் பூசினால் போதும். பொடுகு அடங்கிய பின், விரல் நுனிகளால் மெதுவாகத் தலைத்தோலிலும் தேய்க்கலாம்; நகம் படக்கூடாது.

அடுத்த முறை குடும்ப வைத்தியரிடம் போகும்போது, உதிர்வுக்கு வேறு காரணமும் இருக்கிறதா என்று அறிய, இரத்தத்தில் ஹீமோகுளோபின், பெரிட்டின் (உடலின் இரும்புச்சத்துச் சேமிப்பைக் காட்டுவது), தைரொயிட் அளவுகளைப் பார்க்கச் சொல்லுங்கள். மாதவிடாயில் இரத்தப்போக்கு அதிகமென்றால் இதைத் தள்ளிப்போட வேண்டாம். முடிவு தெரியாமல் இரும்புச்சத்து மாத்திரைகளை நீங்களாக விழுங்கவும் வேண்டாம். வட்டமாக ஓரிடத்தில் வெறுமையானாலோ, வகிடு அகன்றுகொண்டே போனாலோ, தலைத்தோலில் சீழ் கண்டாலோ, ஆறு மாதம் கடந்தும் உதிர்வு நிற்காவிட்டாலோ தோல் நோய் நிபுணரிடம் காட்டுங்கள்.